ஒரு எட்டு

தூத்துக்குடிக்கு மேற்கே, உப்புக் காற்று ஓய்ந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில், வல்லாங்குளம் என்று ஓர் ஊரும் அந்த ஊருக்கென்று ஒரு விமான நிலையமும் உண்டு. நாளைக்கு ஒரு விமானம் சென்னையிலிருந்து வரும், மத்தியானத்துக்குள் சென்னைக்கே திரும்பிவிடும், மற்ற நேரமெல்லாம் ஓடுபாதையில் ஆடு ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே தலைபோகிற வேலை. ஆனாலும் அந்த நிலையத்தின் விசாரணை மேசைக்கு முன்னால் காலையிலிருந்தே கூட்டம் நிற்கும். அத்தனை கூட்டத்துக்கும் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது: ஸ்கார்விக் எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம்?

ஸ்கார்விக் என்பது நார்வே நாட்டின் வடகோடியில் இருக்கிற ஊர். அங்கே ஒரு மீன் ஆலை. எங்கள் ஊரிலிருந்து முதலில் ஒருவன் போனான், அவன் தன் மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டான், மச்சான் தன் பங்காளியை, பங்காளி தன்னோடு படித்தவனை என்று இழுத்து இழுத்து, பத்து வருஷத்தில் நூற்றிப் பதினேழு பேர் பனிக்குள் நின்று மீன்முள் உருவிக்கொண்டிருந்தார்கள். இங்கே இருக்கிற அம்மாக்களுக்கும் பெண்டாட்டிகளுக்கும் தூரம் தெரியாமல் இல்லை. நேற்றுக் கேட்டதுதான், முந்தாநாள் கேட்டதுதான். விடிவதற்குள் கொஞ்சமாவது குறைந்திருக்காதா என்று ஒரு நப்பாசை. அதை நான் கேலி செய்ய மாட்டேன், தம்பிக்காக நானும் அந்த வரிசையில் நின்றவன்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சுகிர்தா. இருபத்தொன்பது வயது, கணக்கில் புலி, எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் விடமாட்டாள், வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து மறுபடியும் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். "எட்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர், மூணு விமானம் மாறணும், காத்துக் கெடக்கிற நேரத்தையும் சேத்தா இருபத்தாறரை மணி நேரம்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை முகம் சுளிக்காமல் சொல்வாள். அந்த எண்ணை அவள் எதையும் பார்த்து எழுதியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஸ்கார்விக் போவதற்காகப் பெட்டியோடு வந்து நின்ற பென்சிகர் என்பவன், "மேடம், குத்துமதிப்பா சொல்லாதிய, சரியா எம்புட்டு தூரம்?" என்று கேட்டதற்காக, உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்து, கணக்குப் போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினான், போய் இறங்கியதும் போன் பண்ணி, "கணக்கு சரியா இருக்கு மேடம்" என்றான்.

காதல் இப்படியும் ஆரம்பிக்கும். அதன் பிறகு தினமும் போனை வைப்பதற்கு முன்னால் இவள் "எட்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு" என்பாள், அவனும் "எட்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு" என்பான், ஊர் உலகத்தில் மற்றவர்கள் வேறு வார்த்தை சொல்கிற இடத்தில் இந்த இரண்டு பேரும் எண் சொன்னார்கள். போனிலேயே நிச்சயம் ஆகி நாலு வருஷம் ஓடிவிட்டது. மூன்று முறை கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. ஒரு தடவை பனிப்புயல், ஒரு தடவை பாதி வழியில் விமானம் தவறிப்போனது, ஒரு தடவை அவளுடைய பயணக் காகிதத்தில் ஓர் எழுத்துக்குக் கொம்பு விட்டுப்போனது. நாலு வருஷமாக ஒரு நீலப் பெட்டி, மடித்து அடுக்கி, எடை போட்டு, அவள் மேசைக்கு அடியில் தயாராகக் கிடந்தது.

நிலைய மேலாளர் ஆவுடையப்பன் கண்டிப்பான மனிதர். ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், மேசைக்கு மேலே ஒரு பலகை எழுதி மாட்டிவிட்டால் சனியன் ஒழியும் என்று முடிவு செய்து, பெயர்ப்பலகை எழுதுகிற சொரிமுத்துவை வரச் சொன்னார்.

"ஸ்கார்விக்குன்னு பெருசாப் போடு. அதுக்கடியில தூரம்னு போட்டு, ஒரு எட்டு, மூணு சைபர். நூத்திப் பன்னெண்டெல்லாம் வேண்டாம், யாருக்கு வேணும் அது?"

"சரி சார்" என்றார் சொரிமுத்து.

சொரிமுத்துவின் கை எழுத்துக்குப் பழகிய கை. கோயில் கொடையும் காதுகுத்தும் எழுதி எழுதி, காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதிவிடும். சிவப்பு மையில், நிழல் கொடுத்து, "ஸ்கார்விக். தூரம்: ஒரு எட்டு" என்று எழுதினார். சாப்பிட்டுவிட்டு வந்து சைபரைப் போடலாம் என்று போனார், சாப்பிடுகிற இடத்துக்கே ஆள் வந்து வேறொரு அவசர வேலைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது. பலகை அப்படியே நின்றது.

எட்டு என்றால் எங்கள் பக்கத்தில் எண் மட்டுமா? காலை எடுத்து வைக்கிற அடியும்தான். பக்கத்து வீட்டுக்கோ முக்குக் கடைக்கோ போகிறவர்கள் "ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் முத்துமாரியக்கா வந்தாள், மகன் இசக்கி அந்த ஆலையில் இருந்தான், யாராவது போகிறவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு டப்பாவில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொண்டு வந்திருந்தாள். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஒரு எட்டா? இம்புட்டுத்தானா? இத மொதல்லயே சொல்லப்பிடாதா புள்ள? அடுப்புல பால வச்சுட்டு வந்துருக்கேன், ஒரு எட்டு போயிக் குடுத்துட்டு வந்துருதேன்" என்று சொல்லி, மேசைக்கு முன்னால் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி இடது காலை வைத்தாள். வைத்த கால் ஸ்கார்விக் விமான நிலையத்தில் இருந்தது. வலது கால் இங்கே தனியாக இருந்து என்ன செய்யும், அதுவும் பின்னாலேயே போயிற்று.

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். தலையில் பனித்தூள், கையில் காலி டப்பா.

"பய மெலிஞ்சுட்டான்" என்றாள். பால் பொங்குவதற்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தாள்.

நாங்கள் வாய் பிளந்து நின்றோம் என்று எழுதினால் கதைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் பொய். யாரும் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாளாகத் தப்பாக இருந்த ஒன்று இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்று நினைத்தோம், ஏன் இத்தனை வருஷம் இழுத்தடித்தார்கள் என்று கொஞ்சம் கோபம்கூடப் பட்டோம். மறுநாளிலிருந்து ஊரே போய் வந்தது, தூக்குவாளியோடு போனது, அரைத்த மாவோடு போனது, மாற்றுப் போர்வையோடு போனது, மகன் தங்கியிருந்த அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டு அவன் தலைக்கு எண்ணெய் வைக்காததற்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு, இங்கே குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குத் திரும்பியது. அப்பாவின் முகத்தைப் போனில் மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகள், அப்பாவுக்குக் காலும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தன. என் தம்பியை நானும் போய்ப் பார்த்தேன், இரண்டு பேரும் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன், அப்படி ஒரு நிறைவு எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அங்கே மணி இங்கேயைவிடப் பின்தங்கி ஓடுவதால், இங்கே காலைப் பலகாரம் முடித்துவிட்டு அங்கே போய் மறுபடியும் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தவர்கள் உண்டு. பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஸ்கார்விக் நாலாவது வார்டா ஐந்தாவது வார்டா என்று இரண்டு மணி நேரம் அடிதடி நடந்தது. சித்திரை வெயிலுக்கு எல்லோரும் மோர்ப் பானையைக் கொண்டுபோய்ப் பனியில் புதைத்து வைத்தார்கள், யாருடைய பானை யாருடையது என்று தெரியாமல் பெண்களுக்குள் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆலையின் மேற்பார்வையாளர் இங்கெர் என்கிற நெட்டையான அம்மாள், ஈரக் கையுறைகளைக் காயப்போட எங்கள் வெயிலுக்கு வந்தாள், வரும்போது காற்றில் காயவைத்த மீன் ஒன்றைக் கட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தாள். முத்துமாரியக்கா அதைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "உப்பே போடாமக் கருவாடா! இந்த ஊருக்காரிகளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் இணைபிரியாத கூட்டாளிகள், ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்கு ஒரு சொல்கூடப் புரியாது.

ஆவுடையப்பன் மட்டும் விறைப்பாக இருந்தார். "விமானம் கெளம்பினாத்தான் பயணம். கோட்டத் தாண்டுறதெல்லாம் நம்ம இலாகாவுல வராது" என்று சொல்லிவிட்டார். அவருடைய ஷூக்கள் தினமும் மத்தியானம் நனைந்திருந்ததை நாங்கள் பார்த்தோம், கேட்கவில்லை.

ஆனால் எல்லோருக்கும் அந்த எட்டு எட்டிவிடவில்லை. பெட்டியோடு வந்தவர்கள் கோட்டைத் தாண்டினால் இதே சிமெண்டுத் தரையில்தான் நின்றார்கள். பாஸ்போர்ட்டை எடுத்து, கம்பளிச் சட்டை போட்டு, நல்ல நேரம் பார்த்து வந்த தலைமையாசிரியர் ஏழு முறை தாண்டிவிட்டு ஏழு முறையும் மேசையில் முட்டிக்கொண்டார். போட்ட துணியோடு, பாதி வேலையில், அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்தவர்களைத்தான் அந்தக் கோடு விட்டது.

அப்படியென்றால் சுகிர்தாவின் கதி என்ன என்று சொல்ல வேண்டுமா?

முதல் நாளே நீலப் பெட்டியோடு தாண்டினாள், தரை மாறவில்லை. பெட்டியை வைத்துவிட்டுத் தாண்டினாள், கைப்பைக்குள் பாஸ்போர்ட் இருந்தது. கைப்பையையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு தாண்டினாள், மனதுக்குள் எட்டாயிரத்து நூற்றிப் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பென்சிகரும் லேசுப்பட்டவன் இல்லை. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு சூட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலைவாரி, தினமும் ஆலைக்குப் போகுமுன் ஸ்கார்விக் விமான நிலையத்துக்கு வந்து அங்கிருந்த கோட்டைத் தாண்டித் தாண்டி அங்கேயே நின்றான். ஊரில் முக்கால்வாசிப் பேர் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். குளிரில் அவன் காது சிவந்து போயிருக்கிறது என்று முத்துமாரியக்கா வந்து சொன்னபோது, சுகிர்தா சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, ஆள் போனதும் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அவன் காது எப்படி இருக்கும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் போனது அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"ஏ புள்ள, நாங்க வாரதுக்காகப் போறோம். நீ போறதுக்காகப் போற. அதான் கோளாறு" என்றாள் முத்துமாரியக்கா. "வீட்டுல பால அடுப்புல வச்சுட்டு வா, எல்லாம் சரியாப் போகும்."

சுகிர்தா அப்படியே செய்தாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சித்திரை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி சென்னை விமானத்தில் வந்து இறங்கினார். வடக்கே எங்கோ பிறந்தவர், தமிழ் படிக்கத் தெரியாது, கையில் எந்தப் பலகையில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். பலகைக்கு முன்னால் நின்றார், பட்டியலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். தூரம் என்றால் சைபர் இருக்க வேண்டாமா, மூன்று சைபர் எங்கே என்று ஆவுடையப்பனைக் கேட்டார். பன்னிரண்டு மணிக்குத் தன் விமானம் கிளம்புவதற்குள் மூன்றும் பலகையில் ஏறியிருக்க வேண்டும் என்றார். கோட்டைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை, ஆவுடையப்பன் அவரைத் தன் அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. எட்டோடு மூன்று சைபர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்களில் படிக்காதவருக்கும் தெரியும். அங்கே இருந்தவர்களை இங்கேயும் இங்கே இருந்தவர்களை அங்கேயும் கூப்பிட்டுச் சொல்லி, மோர்ப் பானைகளை மீட்டு, கடைசியாக ஒரு முறை என்று ஆளாளுக்கு ஓடிய ஓட்டத்தில் அந்த மஞ்சள் கோடு தேய்ந்து பாதி காணாமல் போயிற்று. இங்கெர் தன் காயாத கையுறைகளை எடுத்துக்கொண்டு, முத்துமாரியக்காவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள்.

சுகிர்தா பதினோரு மணிக்குள் ஒன்பது முறை தாண்டினாள். ஒன்பது முறையும் வல்லாங்குளத்திலேயே நின்றாள். பன்னிரண்டு அடித்துவிட்டால் திரும்பவும் மூன்று விமானம், இருபத்தாறரை மணி நேரம், பனிப்புயல், காகிதம், கொம்பு. இன்னும் நாலு வருஷம் ஆகுமோ, நாற்பது ஆகுமோ. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடியற்காலையில் அவனுக்கென்று வைத்துக் கொண்டு வந்திருந்த மிளகு ரசத் தூக்குவாளியை முத்துமாரியக்கா கையில் கொடுத்தாள். கொடுத்ததைத் தானே திரும்ப வாங்கித் திறந்து, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்தாள். மூன்றாவது முறையாக.

"போதும் விடு, அவன் குடிக்கட்டும்" என்று முத்துமாரியக்கா வாளியைப் பிடுங்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனாள்.

சுகிர்தா மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். எதிரே சொரிமுத்து ஏணியைச் சாத்தி மை கலக்கிக்கொண்டிருந்தார். மேசை மேல் தூக்குவாளியின் மூடி கிடந்தது.

"யக்கா! மூடி!" என்று கத்தினாள். "மூடிய விட்டுட்டுப் போறியளே, ரசம் ஆறிருமே!"

மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடினாள், ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று இந்தப் பக்கமே கிடந்தது, அவள் இல்லை.

அங்கே நடந்ததை முத்துமாரியக்கா வந்து சொன்னாள். பென்சிகர் அன்றைக்கு ரப்பர் பூட்ஸும் மீன் வாடை அடிக்கிற ஏப்ரனுமாக வாளியை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான், இவள் மூச்சு வாங்க வந்து மூடியை நீட்டியிருக்கிறாள், அவன் மூடியை வாங்கி முதல் வேலையாக வாளியை இறுக்கமாக மூடியிருக்கிறான். அதன் பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்திருக்கிறது. அவள் கையை நீட்டி அவன் காதைத் தொட்டுப் பார்த்தாளாம்.

"அதுக்கு மேல நான் எதுக்கு நடுவுல? வந்துட்டேன்" என்றாள் முத்துமாரியக்கா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். சொரிமுத்து ஏணி மேல் நின்று கேட்டார்: "சார், மூணு சைபர் எங்கன போட? முன்னாலயா பின்னாலயா?"

ஆவுடையப்பன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார், அங்கே மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் சுகிர்தாவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டினார்.

"முன்னால போடு."

"முன்னால போட்டா மதிப்பு..."

"நான் சொல்லுதேம்லா. முன்னால போடுய்யா!"

சொரிமுத்து போட்டார். "தூரம்: 000 ஒரு எட்டு." அதிகாரி விரல் விட்டு எண்ணினார், மூன்று இருந்தது, திருப்தியாகத் தலையசைத்துப் பட்டியலில் கோடிட்டார், விமானம் ஏறிப் போய்விட்டார். விமானம் கண்ணிலிருந்து மறையும் வரை ஆவுடையப்பன் உட்பட நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை.

அந்த நேரத்தில் ஸ்கார்விக்கில் சுகிர்தா ஒரு கால் குளிரில் விறைக்க, "செருப்பு ஒண்ணு அங்கனயே கெடக்கு, ஒரு எட்டு போயி எடுத்துட்டு வந்துருதேன்" என்று சொல்லியிருக்கிறாள். பென்சிகர், "இந்தக் குளிர்ல வெறுங்காலோடயா? நீ நில்லு, நான் எடுத்துட்டு வாரேன்" என்று திரும்பியிருக்கிறான்.

ரப்பர் பூட்ஸோடு அவன் எங்கள் நடுவே வந்து நின்றான். ஆறு வருஷம் கழித்து ஊர் மண்ணுக்கு வந்தவன் முதலில் குனிந்து செருப்பைத்தான் எடுத்தான். நிமிர்ந்தபோதுதான் வெயில் முகத்தில் அடித்தது, சுற்றிலும் எங்களைப் பார்த்தான், தான் எங்கே நிற்கிறோம் என்று புரிந்துகொண்டான், முகம் வெளுத்தது. "எட்டாயிரத்து நூத்தி..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் முத்துமாரியக்கா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"வாய மூடுல! அவ அங்கன ஒத்தக் கால்ல நிக்கா. செருப்பக் குடுத்துட்டு அவளக் கூட்டிட்டு வா!" என்று முதுகில் ஓர் அடி வைத்துத் தள்ளினாள். அந்தத் தள்ளலில் அவன் போனான். இரண்டு நிமிஷத்தில் இரண்டு பேரும் வந்தார்கள், நாங்கள் கைதட்டிய சத்தத்தில் ஓடுபாதையிலிருந்து ஆடெல்லாம் ஓடிவிட்டது, அன்றைக்கு ஒரு நாள் ஆடு விரட்டுகிறவருக்கும் விடுமுறை.

வைகாசியில் கல்யாணம். மாதா கோயிலில் மணி அடித்தபோது, இந்த முறை தேதி தள்ளிப்போகக் காரணமே இல்லாமல் போனதில் சுகிர்தாவின் அம்மா நம்பிக்கை வராமல், தாலி கட்டி முடித்த பிறகும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பந்தி இரண்டு ஊரிலும் நடந்தது, இலை இங்கே போட்டுப் பாயசம் அங்கே குடித்தவர்கள் நிறையப் பேர். இங்கெர் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள், முத்துமாரியக்காதான் கட்டிவிட்டாள், உப்புப் போட்ட கருவாடு ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றி அனுப்பினாள். நீலப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டபோது, அதில் மோர்ப் பானை வைத்தால் சாயாமல் இருக்கும் என்று ஆவுடையப்பன் சொன்னார்.

சுகிர்தா இன்னமும் அதே விசாரணை மேசையில்தான் இருக்கிறாள். பென்சிகர் ஆலையில் மத்தியான மணி அடித்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் விமானத்தில் வந்து இறங்கி, பலகையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எதுவும் புரியாமல் மேசைக்கு வந்தார்.

"அம்மா, இந்த ஸ்கார்விக் சரியா எவ்வளவு தூரம்?"

சுகிர்தா வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்ன எண், ஆறு வருஷம் அவர்கள் போனை வைக்குமுன் சொல்லிச் சொல்லி உருகிய எண், எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள், சிரித்துவிட்டாள்.

"மறந்து போச்சே! அவுக சட்டைப் பையில சீட்டு ஒண்ணு இருக்கும்" என்று, ஒரு செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்தாள். "செத்த இருங்க, ஒரு எட்டு போயிக் கேட்டுட்டு வந்துருதேன்."